ஒயிலும் எயார் பில்டரும் மாற்றியும் என் ஹைபிரிட் காரின் ஓட்டம் ஏன் கூடவில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கிளிநொச்சியில் ஒரு 2014 டொயோட்டா அக்வா. முன்பு லீற்றருக்கு 22 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 17 தான். ஒயிலும் எயார் பில்டரும் மாற்றியாயிற்று. இனி ஹைபிரிட் பற்றறியை மாற்ற வேண்டுமா?

பற்றறிக்கு அவசரப்பட வேண்டாம். நானும் புதுக்குடியிருப்புப் பக்கம் அக்வாதான் ஓடுகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஹைபிரிட்டில் பெற்றோல் மிச்சப்படுவது பெரும்பாலும் எஞ்சின் நின்று, பற்றறியில் ஓடும் மோட்டர் காரை இழுக்கும் நேரத்தில்தான். அதனால் எதைக் கழற்றினாலும் பூட்டினாலும், இது எஞ்சினை அதிக நேரம் நிற்க விடுமா என்று மட்டும் கேளுங்கள்.

அப்படிக் கேட்டால் எயார் பில்டர் பின்னுக்குப் போய்விடும். உள்ளே வரும் காற்றை அளந்துதான் கம்பியூட்டர் பெற்றோலை விடுகிறது. பில்டர் அடைத்தால் இழுவை குறையும், செலவு பெரிதாகக் கூடாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் சோதித்துக் கண்டதும் இதுதான். எங்கள் புழுதிக்கு எஞ்சின் தேயாமல் இருக்க அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் ஓட்டம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒயில் கொஞ்சம் கணக்கில் வரும். அக்வாவுக்கு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில் ஊற்ற வேண்டும். "இந்த வெயிலுக்குத் தடிச்ச ஒயில்தான் சரி" என்று சொல்லி வேறொன்றை ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தரம் மாறினால் ஒன்றிரண்டு வீதம் போகும். டின்னை நீங்களே பார்த்து வாங்குங்கள்.

இனி முக்கியமான இடம். பின் சீற்றோரமாகச் சிறிய காற்றுத் துவாரம் ஒன்று இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? சீற்றுக்கு அடியில் இருக்கும் பற்றறியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காருக்குள் இருக்கும் காற்றை இழுக்கிறது. ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் ஒழுங்கைகளில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடும் காரில் அந்த மூடியைக் கழற்றினால், செம்மண்ணும் நூல்தும்பும் தலைமயிரும் சேர்ந்து சாக்குத்துண்டு மாதிரிப் படிந்திருக்கும். அரிவுவெட்டுக் காலமென்றால் வைக்கோல் தூசியும் இருக்கும். காற்று போகாவிட்டால் பற்றறி சூடாகும். சூடானால் கம்பியூட்டர் அதற்கு வேலை கொடுப்பதைக் குறைத்துவிடும். அந்த வேலையை எஞ்சின் செய்யும். டாஷ்போர்ட்டில் பெரும்பாலும் விளக்கு எதுவும் எரியாது, ஓட்டம் மட்டும் மெல்ல மெல்ல இறங்கும்.

பெற்றோலை மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குகிறோம். வன்னி வெயிலில் இது பல நேரம் எதிராகத்தான் முடியும். பற்றறி இழுப்பதும் அந்தச் சூட்டுக் காற்றையும் புழுதியையும்தான். கிரவல் றோட்டில் கண்ணாடியை ஏற்றி, ஏசியை அளவாக, உள்காற்றே சுழலும்படி விடுங்கள். மூடியை வக்யூம் பிடித்துச் சுத்தம் செய்வது வீட்டிலேயே முடியும். விசிறியைக் கழற்றுவதென்றால் ஹைபிரிட் தெரிந்த கராஜுக்குப் போங்கள். உயர் வோல்ற்றேஜ் போகும் செம்மஞ்சள் நிறக் கேபிள்களில் கைவைக்கவே கூடாது.

அடுத்தது பிரேக். ஹைபிரிட்டில் மோட்டரே பாதி பிரேக்கைப் பிடித்துவிடுவதால் பிரேக் பாட் அவ்வளவாகத் தேயாது. தேயாததால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. அதற்குள் மாரிச் சேறும் புழுதியும் போய் பாட்டை அழுத்தும் கலிப்பர் நகர்வதற்கான ஊசி (பின்) இறுகி, சில்லை இலேசாகப் பிடித்தபடியே இருக்கும். பரந்தனிலிருந்து ஓடி வந்து நிறுத்தியதும் நான்கு சில்லுகளுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் உங்கள் பெற்றோல் போகிறது. ஜக்கில் தூக்கிச் சில்லைக் கையால் சுற்றியும் பார்க்கலாம்.

ரயர் காற்று எல்லோரும் சொல்வதுதான், ஆனால் பார்க்கும் நேரத்தில் பிழைக்கிறது. முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சானும் வாங்கிக்கொண்டு போய்க் காற்றுப் பார்த்தால் ரயர் சூடாக இருக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். காலையில், ஓட முதல் பாருங்கள். ஜப்பான் கார்களில் கதவோரத்து ஸ்ரிக்கரில் கிலோபாஸ்கலில் போட்டிருக்கும். 220 என்றால் 32 பிஎஸ்ஐ. ரயரை மாற்றிய பிறகுதான் ஓட்டம் குறைந்ததா என்றும் யோசியுங்கள். காரோடு வந்த ரயர் பெரும்பாலும் உருள்தடை குறைந்த, அதாவது லேசாக உருளும் வகை, மலிவு ரயர் அப்படியில்லை.

வேகத்தையும் விட்டுவிடக் கூடாது. ஏ9 நேராக, மேடு பள்ளம் இல்லாமல் கிடக்கிறது. சட்டப்படியான 70ஐ விட்டு 90இல் போனால் எஞ்சின் நிற்க இடமே இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விடுகிற இரண்டு கிலோமீற்றர் ஓட்டமும் அப்படித்தான், எஞ்சின் சூடாகும் வரை நிற்காது. உங்கள் 22உம் 17உம் ஒரே மாதிரியான ஓட்டத்தில் எடுத்த கணக்கா? திரையை நம்பாமல், ஒரே பெற்றோல் செட்டில் முழு டாங்க் அடித்து, அடுத்த முழு டாங்க் வரை ஓடியதை அடித்த லீற்றரால் பிரியுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராவிட்டால் பற்றறி. அப்போதும் வாய்ச்சொல்லுக்குப் பணம் கட்டாதீர்கள். ஸ்கானரைப் பூட்டி, காரை ஓடவிட்டு, பற்றறிக்குள் இருக்கும் ஒவ்வொரு புளொக்கின் (செல் தொகுதியின்) வோல்ற்றேஜையும் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். இழுவையில் ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றை விட்டுத் தனியே விழுந்தால் பற்றறிதான்.