மேடையில் ஜெயித்த கன்சோலை வாங்கலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் மகனுக்கு கேம் கன்சோல் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கம்பெனிகள் நடத்தும் அறிமுக நிகழ்ச்சிகளை, பழசும் புதுசுமாக, யூடியூபில் பார்த்துவிட்டு "சோனிதான் எப்பவும் ஜெயிக்குது, அதையே வாங்குங்கப்பா" என்கிறான். என் தம்பி மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கட்சி. நானும் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு எல்லாமே சினிமா ட்ரெய்லர் மாதிரிதான் தெரிந்தது. இதை நம்பி ஐம்பதாயிரம் செலவழிக்கலாமா? இவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்? - ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்கு முப்பது வயது ஆகிறது. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் 'இ-3' என்ற வணிகக் கண்காட்சி முதல்முறையாக நடந்தது. செப்டம்பரில் வரும் என்று சொல்லியிருந்த சாட்டர்ன் கன்சோல் இப்போதே கடைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர் என்று சேகா கம்பெனி எல்லோரையும் திகைக்க வைத்தது. அடுத்து, பிளேஸ்டேஷன் என்ற கன்சோலோடு சோனியின் முறை வந்தது. ஸ்டீவ் ரேஸ் என்ற அதிகாரி மைக் முன்னால் வந்து "299" என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். இன்றுவரை இந்தத் துறையில் மிகச் சிறந்த மேடைப் பேச்சு அதுதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் சேகாவைக் கவிழ்த்தது அந்த நூறு டாலர் மட்டுமல்ல. அவசரமாக இறக்கிய சாட்டர்ன் சில சங்கிலிக் கடைகளுக்கு மட்டுமே போனது. சரக்கு கிடைக்காத மற்ற கடைக்காரர்கள் கொதித்தார்கள். செப்டம்பரைக் கணக்குப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த கேம் கம்பெனிகளிடம் மே மாதத்தில் விற்க ஒன்றும் தயாராக இல்லை. "இன்றைக்கே கடையில் கிடைக்கும்" என்பது மேடையில் கேட்கப் பிரமாதமான வாக்கியம். வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவருக்கோ விளையாட ஏழெட்டு கேம் கூடத் தேறவில்லை.

உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ட்ரெய்லர் பார்த்து வாங்காதீர்கள். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் நாலைந்து வாக்கியங்கள்தான் உங்கள் பணத்தைப் பற்றியவை. அவற்றைப் பொறுக்கியெடுக்கத் தெரிந்தால் போதும். அனேகமாக அவை கைதட்டல் விழாத இடத்தில் இருக்கும்.

உங்கள் மகன் "சோனி ஜெயிச்சுது" என்று சொல்வது 2013 ஜூன் 10-ஐ மனதில் வைத்து என்று நினைக்கிறேன். யூடியூபில் அந்த வீடியோதான் ஓயாமல் சுற்றுகிறது. அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 499 டாலர் என்றது. சில நாள் முன்பே அறிவித்திருந்த நிபந்தனைகள் வேறு: ஆடுபவரின் அசைவைக் கவனிக்கும் கினெக்ட் கேமரா கட்டாயம், 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைக்க வேண்டும், செகண்ட் ஹேண்ட் கேம் டிஸ்க்குக்கும் கட்டுப்பாடு உண்டு. மாலையில் சோனியின் ஜாக் ட்ரெட்டன் மேடையேறி, பழைய டிஸ்க்கைத் தாராளமாக விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், இணையமே இல்லாமலும் விளையாடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அரங்கம் எழுந்து கூச்சலிட்டது. அதன் உச்சியில் வந்தது பிளேஸ்டேஷன் 4-இன் விலை: 399 டாலர்.

சோனி அன்று எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பழைய கன்சோலில் இருந்த வசதி புதிதிலும் இருக்கும் என்று சொன்னதற்குத்தான் அத்தனை கைதட்டல்!

இப்போது அதே வீடியோவை மகனோடு மறுபடி போட்டுப் பாருங்கள். அதற்கு முந்தைய பிளேஸ்டேஷன் 3-இல், சுருக்கமாக பிஎஸ்3-இல், நண்பர்களோடு ஆன்லைனில் விளையாடக் காசு கிடையாது. பிஎஸ்4-இல் அதற்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும் என்ற மாற்றமும் அதே நிகழ்ச்சியில்தான் வந்தது. கொண்டாட்டத்துக்கு நடுவே அது யார் காதிலும் ஏறவில்லை. எட்டு வருடம் சந்தா கட்டியவர் மிச்சம் பிடித்த நூறு டாலரை எப்போதோ திருப்பிக் கொடுத்திருப்பார். எக்ஸ்பாக்ஸிலும் ஆன்லைனுக்குச் சந்தா உண்டு, அதனால் இதைச் சோனியின் குற்றமாகச் சொல்லவில்லை. 399-இல் கேமரா கிடையாது என்பதும் அப்படித்தான். வேண்டுமென்றால் தனியாக 59 டாலர்.

மறுபக்கக் கதையும் இருக்கிறது. அந்த மேடைக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் தன் நிபந்தனைகளைக் கைவிட ஒன்பது நாள்தான் ஆனது. ஜூன் 19-ஆம் தேதி 24 மணி நேரக் கட்டாயமும் டிஸ்க் கட்டுப்பாடும் காணாமல் போயின. 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸ் 399 டாலருக்கே வந்தது. ஆனாலும் பிஎஸ்4 பதினோரு கோடிக்கு மேல் விற்றது. எக்ஸ்பாக்ஸ் ஒன் எத்தனை விற்றது என்ற கணக்கை மைக்ரோசாஃப்ட் 2015-க்குப் பிறகு வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. ஆக, மேடையில் விழுந்த அடி கம்பெனிக்கு நிரந்தரம். வாங்குகிறவருக்கு அது ஒரு வருடத்துக்குள் சரியாகிவிட்ட விஷயம். உங்கள் மகன் கம்பெனியின் தோல்வியைப் பேசுகிறான். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் பையை மட்டும்.

இதற்கு நேர் மாறாகச் சோனி சொதப்பிய வருடமும் உண்டு. 2006 இ-3 கண்காட்சியில் பிஎஸ்3-க்கு 599 டாலர் என்று அறிவித்தார்கள். இன்னொரு மாடல் 499 தான், ஆனால் 599 என்ற எண் மட்டும் நின்றுவிட்டது. ஜப்பானின் உண்மையான வரலாற்றுப் போர்களை அடிப்படையாகக் கொண்ட கேம் என்று அறிமுகப்படுத்திய சில நிமிடங்களில் திரையில் ஒரு ராட்சத நண்டு வந்தது. அந்த நண்டை இணையம் இன்னும் விடவில்லை. அதே கண்காட்சியில் இன்னொரு போட்டிக் கம்பெனியான நின்டெண்டோவின் 'வீ' (Wii) கன்சோல் முன்னால் மணிக்கணக்கில் வரிசை நின்றது. 249 டாலருக்கு வந்து பத்துக் கோடிக்கு மேல் விற்றது. ஆனால் நண்டைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர் 2009-இல் ஒல்லி மாடல் 299 டாலருக்கு வந்தபோது பிஎஸ்3 வாங்கினார்கள். கடைசியில் எட்டுக் கோடியே எழுபது லட்சத்துக்கு மேல் போயிற்று.

ஆகவே காத்திருந்து வாங்கலாமா என்று கேட்பீர்கள். பழைய காலத்தில் அது நல்ல யோசனை. இப்போது இல்லை. 2025 ஆகஸ்டில் சோனி அமெரிக்காவில் பிஎஸ்5 விலையை 50 டாலர் ஏற்றியது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 2020-இல் 499 டாலர், அதே பெட்டி 2025-இல் இரண்டு முறை ஏறி 649 டாலரைத் தாண்டியது. கன்சோல் வயதானால் விலை இறங்கும் என்ற பழைய பாடம் இந்தத் தலைமுறையில் செல்லுபடியாகவில்லை.

இனி ட்ரெய்லர். எல்லாமே சினிமா மாதிரி இருக்கிறது என்றீர்களே, சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். 2005-இல் பிஎஸ்3-க்கான கில்ஸோன் கேமின் காட்சி என்று ஒன்றைப் போட்டார்கள். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பிறகுதான் தெரிந்தது, அது கன்சோலில் ஓடிய கேமே இல்லை, முன்கூட்டியே தயாரித்த அனிமேஷன் படம். நிஜ கேம் வந்தது 2009 பிப்ரவரியில். நல்ல கேம்தான், ஆனால் நாலு வருடம்!

திரையில் ஓடுவது நிஜமா என்று அறிய என்னிடம் ஒரு சின்ன வழி உண்டு. கேமரா எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். ஆள் விளையாடும்போது பார்வை தடுமாறும், சுவரில் முட்டும், தேவையில்லாமல் ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும். படமாக எடுத்திருந்தால் எல்லா அசைவும் எண்ணெய் போட்டது மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். உயிர் எத்தனை, தோட்டா எத்தனை என்று காட்டும் எண்கள் திரை ஓரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2015-இல் சோனி அன்சார்ட்டட் 4 என்ற கேமை மேடையில் நேரலையாக ஓட்டியபோது கதாநாயகன் சந்தையின் நடுவே அசையாமல் மரம் மாதிரி நின்றுவிட்டான். கன்ட்ரோலர் இணைப்பு விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அரங்கில் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அந்த நிமிடத்தில்தான் அந்த கேம் மேல் நம்பிக்கை பிறந்தது. யாரோ ஒருவர் நிஜமாகவே கன்ட்ரோலரைப் பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததே!

அந்த வாய்ப்பும் இப்போது போய்விட்டது. நின்டெண்டோ 2013-லிருந்தே இ-3 மேடையை விட்டுவிட்டு, பதிவுசெய்த 'டைரக்ட்' வீடியோவுக்குப் போனது. சோனி 2019-இல் விலகியது. இ-3 கண்காட்சியையே 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இன்று நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் வெட்டி ஒட்டிய வீடியோக்கள். தடுமாற்றத்தை எடிட்டிங்கிலேயே வெட்டிவிடுவார்கள், தர்மசங்கடமான மௌனமும் இருக்காது. 2025 ஏப்ரலில் ஸ்விட்ச் 2 என்ற புது கன்சோலை ஒரு மணி நேரம் காட்டிய நின்டெண்டோ விலையை வீடியோவில் வாய்திறந்து சொல்லவே இல்லை. 449 டாலர் 99 சென்ட் என்பது தனி அறிக்கையில் வந்தது. ஒரு மணி நேரத்தில் விலைக்கு இடமில்லை என்றால், அது கேட்க இனிக்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

தேதி இல்லாத கேமைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2014-இல் மைக்ரோசாஃப்ட் ஸ்கேல்பவுண்ட் என்ற டிராகன் கேமைக் காட்டியது. அதற்காகவே எக்ஸ்பாக்ஸ் வாங்கியவர்கள் உண்டு. 2017 ஜனவரியில் அதைக் கைவிட்டார்கள். 2009-இல் சோனி மேடையில் அறிவித்த ஏஜென்ட் என்ற கேம் வரவே இல்லை. நின்டெண்டோ 2017-இல் மெட்ராய்டு பிரைம் 4 என்று வெறும் எழுத்தைக் காட்டியது, 2019-இல் முதலிலிருந்து தொடங்குவதாகச் சொன்னது, கேம் கைக்கு வந்தபோது 2025 டிசம்பர். 2017-இல் பத்தாவது முடித்த பையன் அதற்குள் கல்லூரி முடித்து வேலைக்கே போயிருப்பான்.

'எங்களிடம் மட்டும்' என்ற சொல்லையும் பாதி விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் ரைஸ் ஆஃப் த டூம் ரைடர் என்ற கேம் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டுமே என்று சொன்னார்கள். 2016-இல் அது பிஎஸ்4-க்கும் வந்துவிட்டது. இப்போது மைக்ரோசாஃப்ட்டே தன் கேம்களைப் போட்டியாளரின் பெட்டிக்குக் கொடுக்கிறது. ஃபோர்சா ஹொரைசன் 5, எக்ஸ்பாக்ஸின் பெருமைக்குரிய கார் பந்தய கேம், 2025 ஏப்ரலில் பிஎஸ்5-க்கு வந்தது. உங்கள் தம்பியிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

மேடை சொல்லவே முடியாத விஷயம் பழுது. எக்ஸ்பாக்ஸ் 360 நன்றாக அறிமுகமாகி நன்றாக விற்றது. பிறகு பெட்டிகள் சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போகத் தொடங்கின. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருடமாக்கி, அதற்கு நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது. அந்தச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். ஏனென்றால் வாரண்டி இருந்தது.

நமக்கு வருவோம். மேடையில் சொல்லும் டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காதீர்கள். 399 டாலர் பிஎஸ்4, அன்றைய மாற்று விகிதத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாய் வர வேண்டும். 2014 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது 39,990. பிஎஸ்5 அமெரிக்காவில் 2020 நவம்பரில், இங்கே 2021 பிப்ரவரியில், 49,990. சுங்கவரி, உள்நாட்டு வரி, இறக்குமதிச் செலவு எல்லாம் அதில் அடக்கம். ஸ்விட்ச் என்றால் இன்னொரு சிக்கல். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. கடையில் இருப்பது யாரோ இறக்குமதி செய்தது. ரிப்பேர் வந்தால் அந்தக் கடைக்காரர்தான் கதி.

ஐம்பதாயிரத்தில் என்ன செய்யலாம்? பெட்டிக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது கன்ட்ரோலர், ஒரு வருடச் சந்தா, இரண்டு மூன்று கேம் என்று தனியாக ஒரு தொகை வேண்டும். ஒரு புது கேமே நாலாயிரம், ஐயாயிரம் ஆகிறது. டிஸ்க் போடும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஆடி முடித்ததை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். 2013-இல் அரங்கம் எழுந்து கைதட்டியதே இந்த உரிமைக்காகத்தான். டிஸ்க் இல்லாத மாடலை வாங்குகிறவர் அதைச் சில ஆயிரம் தள்ளுபடிக்குத் தானாகவே விட்டுக்கொடுக்கிறார்.

கடைக்குப் போவதற்கு முன் மகனிடம் ஒரு தாளைக் கொடுங்கள். அவன் ஆசைப்படும் கேம்களை எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் ஏற்கெனவே வந்துவிட்டதா, இல்லையென்றால் அறிவித்த தேதி என்ன என்றும் எழுதட்டும். தேதி எழுத முடியாதவற்றை அடித்துவிடுங்கள். மீதியில் இரண்டு பெட்டியிலும் கிடைப்பவற்றையும் அடித்துவிடுங்கள். பிறகு, வகுப்பு நண்பர்களில் எத்தனை பேர் எந்தக் கன்சோல் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு கம்பெனி ஆட்களும் ஒன்றாக ஆட முடியாத கேம்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. நாலு பேர் ஒரே பெட்டி வைத்திருந்தால், அந்தத் தாளில் என்ன மிஞ்சியிருந்தாலும் அதையே வாங்கிக் கொடுங்கள். உங்கள் தம்பியின் ஓட்டு செல்லாது, அவர் வேறு வீட்டில்தானே இருக்கிறார்!