ஏழை நாடுகளில் சர்க்கரை, பிரஷர், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களுக்கு வெளிநாட்டு உதவி தேவையா?

தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இவை வாழ்க்கை முறையால் வருபவை, ஆயுளுக்கும் மருந்து வேண்டும், அதற்கு வெளிநாடுகள் எத்தனை காலம் பணம் கொடுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 'வாழ்க்கை முறை' பேச்சு. உடலில் இன்சுலின் சுரக்காமல் போகும் டைப் 1 சர்க்கரை வந்த குழந்தை என்ன தப்பு செய்தது? இன்சுலின் கிடைக்காவிட்டால் அது பிழைக்காது. தொண்டையில் வந்த கிருமித் தொற்றுக்குச் சரியான நேரத்தில் பென்சிலின் கிடைக்காமல் இதய வால்வு கெட்டுப்போவது, எச்.பி.வி வைரஸால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வருவது, இதெல்லாம் வறுமையில் உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. தொற்றா நோய்களால் இறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஏழை, நடுத்தர வருமான நாட்டுக்காரர்கள், ஆனால் சுகாதாரத்துக்காக வரும் வெளிநாட்டு உதவியில் இந்த நோய்களுக்குப் போவது மிகச் சிறிய பங்கு. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அப்புறம், ஆயுளுக்கும் மருந்து என்ற தயக்கம். எச்.ஐ.வி.க்கும் இதையேதான் சொன்னார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன மருந்தை 2001-இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்தது, 2002-இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்ட், 2003-இல் அமெரிக்க அரசின் எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபார் என்று பணமும் வந்தது, இன்று 3 கோடிக்கும் அதிகமானோர் அந்த மருந்தைச் சாப்பிட்டு வாழ்கிறார்கள். பிரஷருக்கான அம்லோடிபின், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எல்லாம் காப்புரிமை முடிந்து மலிவாகக் கிடைப்பவை. எச்.ஐ.வி.யிலிருந்து காப்பாற்றிய ஒருவரை, பிரஷர் பார்க்காமல் விட்டு பக்கவாதத்துக்குப் பலி கொடுப்பது என்ன நியாயம்? நர்ஸ், பதிவேடு, மருந்துக் கிடங்கு எல்லாம் எச்.ஐ.வி கிளினிக்குகளில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகத் தனித் திட்டம் தொடங்காமல், அங்கேயே பிரஷரையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கத்தான் உதவிப் பணம் போக வேண்டும்.

மாத்திரைக்கான செலவை நாளடைவில் அந்தந்த அரசே ஏற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், புகையிலை வரியைக் கூட்டினால் அதற்கு ஓரளவு வழி பிறக்கும். ஆனால் புகையிலை நிறுவனங்கள் சும்மா இருக்காது. சிகரெட் பெட்டி எச்சரிக்கைகளுக்காக 2010-இல் பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் தென் அமெரிக்க நாடான உருகுவே மீது வழக்குப் போட்டது, வழக்கை நடத்த உருகுவேக்கு அமெரிக்காவின் ப்ளூம்பெர்க் அறக்கட்டளை பண உதவி செய்தது, 2016-இல் உருகுவே ஜெயித்தது. வெளிநாட்டுப் பணம் இப்படியும் பயன்படலாம்.