அடிமை ஒழிப்பு இயக்கம், மூன்று பீரியட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கு மூன்று பீரியட்தான். பத்திரிகை நடத்திய கேரிசன், அடிமையாயிருந்து தப்பிவந்து பேச்சாளரான டக்ளஸ், பலரைத் தப்பவைத்த ஹாரியட் டப்மன் என்று ஆளுக்கொரு ஸ்லைடு போட்டால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். கடைசி வகுப்பில் ‘அடிமைமுறை சரியா, தவறா’ என்று பட்டிமன்றம் வைக்கலாமா?

செ.

அன்புள்ள செ.,

அந்தத் தலைப்பு வேண்டாம். தன் முன்னோர் மனிதர்தானா என்ற வாதத்தை ஒரு கறுப்பின மாணவன் உட்கார்ந்து கேட்க நேரும். அடிமை ஏலத்தை நடித்துக் காட்டுவதும் அப்படித்தான். பட்டிமன்றத்துக்கான சண்டை இயக்கத்துக்குள்ளேயே இருக்கிறது: அமெரிக்க அரசியல் சட்டம் அடிமைமுறைக்குக் காவலா, பகையா?

காவல் என்றார் கேரிசன். 1854 ஜூலை 4 அன்று ஃப்ரேமிங்ஹாம் கூட்டத்தில் அதன் பிரதியைக் கொளுத்தினார். அவரோடு நின்ற டக்ளஸோ 1851இலேயே பிரிந்துவிட்டார். அதே சட்டத்தை விடுதலைக்குச் சாதகமாக வாசிக்க முடியும் என்பது அவர் வாதம்.

முதல் நாள் மூன்று ஷரத்துகளை மட்டும் நகலெடுத்துக் கொடுங்கள்: மாநிலத்தின் பிரதிநிதிகளை முடிவுசெய்ய ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணும் கணக்கு, 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கக்கூடாது என்பது, தப்பியோடியவரைத் திருப்பித் தரவேண்டும் என்பது. ‘அடிமை’ என்ற சொல்லை வட்டமிடச் சொல்லுங்கள். கிடைக்காது. ‘மற்ற நபர்கள்’ என்றெல்லாம் சுற்றி வளைத்திருப்பார்கள். பத்து நிமிடம் தேடவிடுங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் இல்லாததுதான் டக்ளஸ் தரப்புக்குப் பிடிமானம். இருந்தும் மூன்று ஷரத்தும் வேலை செய்தன என்பது கேரிசன் தரப்புக்கு.

இரண்டாம் நாள் 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம். பிடிபட்டவர் சாட்சி சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. அவரைத் திருப்பி அனுப்பினால் விசாரிக்கும் கமிஷனருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். தப்ப உதவியவருக்கு 1000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதுவரை ஒதுங்கியிருந்த பாஸ்டன்காரர்கள் பலர் ஏன் கொதித்தார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அதோடு டக்ளஸின் 1852 ஜூலை 5 உரை. நீளமானது, வெட்டித்தான் கொடுக்க வேண்டும். எல்லாரும் செய்யும் பிழை, கோபமான நடுப்பகுதியை மட்டும் கொடுப்பது. கடைசியில் அரசியல் சட்டத்தை மகத்தான சுதந்திர ஆவணம் என்கிறாரே, அது விடுபட்டால் மறுநாள் ஓர் அணிக்குப் பேச ஒன்றுமிருக்காது.

மூன்றாம் நாள் விவாதம். ஷரத்தைக் காட்டாமல் பேசினால் செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வெறும் உணர்ச்சிப் பேச்சாகிவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் 1865ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தைக் கொடுங்கள். வட்டமிடத் தேடிய சொல் அரசியல் சட்டத்தில் முதல்முறையாக நுழைவது அதில்தான், ஒழிப்பதற்காக.

அமெரிக்காவின் வட மாநிலங்கள் முழுக்க ஒழிப்புவாதிகள் என்ற எண்ணம் எப்படியும் வரும். சுதந்திர மாநிலமாக எண்ணப்பட்ட வடக்கு இல்லினாயில்தான் 1837இல் ஒழிப்புக்காக எழுதிய பத்திரிகையாளர் லவ்ஜாயை ஒரு கும்பல் சுட்டுக்கொன்றது. அது ஒன்றே போதும். கேரிசன் 1831இல் ‘லிபரேட்டர்’ பத்திரிகையைத் தொடங்கியபோது அதைத் தாங்கிய சந்தாதாரர்களில் பெரும்பாலோர் சுதந்திரக் கறுப்பர்கள். இதை விட்டுவிட்டால் விடுதலை வெள்ளையர் கொடுத்த வரம்போல ஆகிவிடும்.

டப்மன் ஸ்லைடு இருக்கட்டும். ஆனால் 300 பேரை மீட்டார் என்று போட்டிருந்தால் திருத்துங்கள்: சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். தப்பியோடுவோருக்கு வழிகாட்ட மெத்தை விரிப்பில் ரகசியக் குறி தைத்த கதை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், ஆதாரமில்லை.