சீசன் வருமானத்தை நம்பி இ.எம்.ஐ. போடலாமா? வேலூர் பேஸ் கிட்டார் கலைஞருக்குப் பதில்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். வயது 34. இரண்டு ஆர்க்கெஸ்ட்ராக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பதற்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். உள்ளூர் புரோகிராம் என்றால் 1,500, வெளியூர் என்றால் 2,000 முதல் 2,500 வரை. சர்ச் பணத்தையும் சேர்த்தால் தை, மாசி, சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் 32,000 அளவுக்கு வரும். பங்குனி, ஆனி, ஆவணி, மார்கழியில் 18,000. புரட்டாசி முதல் கார்த்திகை வரை 8,000 வந்தாலே பெரிது. மனைவி ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார், பிடித்தம் போக 11,000 கைக்கு வருகிறது. மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். வாடகையோடு வீட்டுச் செலவு 26,000. போன ஐப்பசியில் மனைவியின் நகையை 80,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம், வட்டி 10 சதவீதம். சேமிப்பு எதுவும் இல்லை. ஒரு குழுவின் ஓனர் 18,000 பாக்கி வைத்திருக்கிறார்.

என்னுடைய நான்கு கம்பி பேஸ் ரொம்பப் பழசு. நெக் வளைந்து, மேல் ஃப்ரெட்டுகளில் கம்பி இரைகிறது. பாடகர்கள் ஸ்ருதியை இறக்கிக் கேட்கும்போது கீழே போக ஸ்வரம் இல்லை, எல்லோரும் ஃபைவ் ஸ்ட்ரிங் (ஐந்து கம்பி பேஸ்) கேட்கிறார்கள். கடையில் ஃபைவ் ஸ்ட்ரிங் பேஸும் ஆம்ப்பும் சேர்த்து 1,80,000 சொல்கிறார்கள், 16 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை. (பெரும்பாலான மேடைகளில் சவுண்ட் சர்வீஸ்காரர் டி.ஐ. பாக்ஸ் என்ற சின்ன இணைப்புப் பெட்டியைப் போட்டு, ஆம்ப் இல்லாமலே என் லைனை நேராக மிக்ஸருக்கு எடுத்துவிடுவார்.) வாங்கலாமா? மச்சான் இதையெல்லாம் விட்டுவிட்டு சிப்காட்டில் வேலைக்குச் சேரச் சொல்கிறார். குழுவில் ஒரு நண்பர், மாதம் 5 சதவீதம் தரும் இடம் ஒன்று இருக்கிறது, சீசன் பணத்தை அங்கே போடு என்கிறார்.

பதில்: மாத வாரியாக வருமானத்தைப் பிரித்து எழுதியதற்கு முதலில் நன்றி. மேடைக் கலைஞர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலும் 'மாதம் ஏறக்குறைய இருபதாயிரம்' என்று மட்டும்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் தந்த விவரத்திலேயே விடை இருக்கிறது.

ஐந்து நல்ல மாதங்களில் 1,60,000, நான்கு நடுத்தர மாதங்களில் 72,000, மூன்று வறண்ட மாதங்களில் 24,000. ஆக உங்கள் ஆண்டு வருமானம் 2,56,000. மனைவியின் சம்பளம் 1,32,000 சேர்ந்தால் குடும்ப வருமானம் 3,88,000. வீட்டுச் செலவு ஆண்டுக்கு 3,12,000. அப்படியானால் ஆண்டுக்கு 76,000 மிஞ்ச வேண்டும். ஆனால் மிஞ்சியது ஒரு நகை ரசீது.

இதற்குக் காரணம் ஊதாரித்தனம் இல்லை. காலண்டரைப் பாருங்கள். தையில் கல்யாண வரவேற்புகள், மாசியில் பாலாற்றங்கரை மயானக் கொள்ளைத் திருவிழா, வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் மேடை என்று பணம் வரும்போது கையோடு கையாகச் செலவாகிறது. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஐப்பசியில் மழை தொடங்கிவிடும், திறந்தவெளி மேடைகள் ரத்தாகும். அந்த ஐப்பசியில்தான் தீபாவளி. வருமானம் ஆகக் குறைவாக இருக்கும் மாதத்தில் ஆகப் பெரிய செலவு வருகிறது. உங்கள் நகை ஐப்பசியில் அடகுக்குப் போனதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

எனவே எதை வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்களே உங்களுக்குச் சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மேடைப் பணம், சர்ச் பணம், பழைய பாக்கி எல்லாவற்றையும் அதில்தான் போட வேண்டும். ரொக்கமாக வாங்கினாலும் மறுநாள் காலையில் போய்க் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி அதிலிருந்து வீட்டுக் கணக்குக்கு 15,000 தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடலாம். மனைவியின் 11,000 சேர்ந்தால் வீட்டுக்கு 26,000 ஆகிவிடும். வைகாசியில் 32,000 சம்பாதித்தாலும் வீட்டுக்கு 15,000தான், ஐப்பசியில் 8,000 வந்தாலும் 15,000தான். இந்த ஒன்றைச் செய்தாலே மறுபடி அடகுக் கடைக்குப் போக வேண்டியிருக்காது. எப்போது தொடங்குவது என்றால், சீசன் மாதம் ஒன்றில் தொடங்குங்கள். புரட்டாசியில் தொடங்கினால் முதல் மாதமே கணக்கு காலியாகி மனது விட்டுப்போகும்.

அந்தக் கணக்கில் 45,000 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும். மூன்று மாதம் ஒரு நிகழ்ச்சிகூட இல்லாமல் போனாலும் வீடு ஓடுவதற்கான தொகை அது. அப்படி நடக்குமா என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அந்த ஆண்டின் சித்திரை, வைகாசி, ஆடி மூன்றும் மேடைக் கலைஞர்களுக்கு எப்படிப் போயின என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது இ.எம்.ஐ. கணக்குக்கு வருவோம். 1,80,000 ரூபாய்க்கு 16 சதவீதத்தில் 24 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 8,800. மொத்தம் கட்டுவது சுமார் 2,11,000. ஆண்டு முழுவதும் சராசரி எடுத்தாலே உங்களிடம் மாதம் மிஞ்சுவது 6,300 ரூபாய்தான். அதிலிருந்து நகை வட்டியும் போக வேண்டும். புரட்டாசி முதல் கார்த்திகை வரை வீட்டுக்கே மாதம் 7,000 குறையும்போது அதன் மேல் 8,800 எங்கிருந்து வரும்? மிச்சமிருக்கும் நகையும் போகும். வேண்டாம்.

ஆனால் ஃபைவ் ஸ்ட்ரிங் உங்களுக்குத் தேவை என்பதை நான் முழுதாக ஏற்கிறேன். நான்கு கம்பியில் கடைசிக் கம்பி 'ஈ'. பாடகர் இரண்டு கட்டை இறக்கச் சொன்னால் அதற்குக் கீழே உங்களிடம் ஸ்வரம் இல்லை, ஒரு ஸ்தாயி மேலே போய் வாசிக்க வேண்டியதுதான். இளையராஜா பாடல்களின் பேஸ் வரிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் ரசிகர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. அவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். ஐந்தாவது கம்பியில் 'பி' இருப்பதால் அந்தச் சிக்கல் தீர்கிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. பட்ஜெட் குறைந்தால் ஓனர்கள் முதலில் கை வைப்பது பேஸ் மீதுதான். 'கீபோர்டு இடது கையில் போட்டுக்கலாம்', 'டிராக்கில் பேஸ் இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். உங்களை விட முடியாது என்று அவர்கள் நினைக்க வேண்டுமானால் உங்கள் கருவி குறைசொல்ல முடியாததாக இருக்க வேண்டும். பேஸ் உங்கள் தொழில் கருவி, ஆடம்பரம் இல்லை.

அதனால் பேஸையும் ஆம்ப்பையும் பிரித்துப் பாருங்கள். உங்கள் லைன் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேராக மிக்ஸருக்குப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த ஆம்ப் வீட்டில்தான் நிற்கும். அதை விட்டுவிடுங்கள். பழைய பேஸை நல்ல கிட்டார் டெக்னீஷியனிடம் கொடுத்து, நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் தண்டான டிரஸ் ராடைச் சரிசெய்து, ஃப்ரெட்டைச் சமப்படுத்தி, புதுக் கம்பி போடச் சொல்லுங்கள். நெக் அடியோடு முறுக்கிப் போகாதவரை இரைச்சல் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும், செலவும் சில ஆயிரத்தில் முடியும். ஃபைவ் ஸ்ட்ரிங்கை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை, அங்கே வாசிப்பதை விட்டவர்களும் புதிது வாங்கியவர்களும் விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். 30,000 ரூபாய்க்குள் மேடைக்குத் தகுந்த ஒன்று கிடைக்கும். நேரில் போய், கீழ்க் கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

பணம் எங்கே என்றால், அந்த 76,000-தான். முதல் ஆண்டில் 45,000 சம்பளக் கணக்கில் தங்கும். நகைக்கு வட்டி 8,000. மிச்சம் சுமார் 23,000. ஓனரிடம் இருக்கும் 18,000 வந்தால் பழுதுபார்க்கவும் புதுக் கருவி வாங்கவும் போதும், கடன் தேவையில்லை. வட்டி ஓடும் நகையை விட்டுவிட்டுக் கருவி வாங்கச் சொல்கிறேனே என்று மனைவி கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பேஸ் இல்லாமல் மாதம் இரண்டு நிகழ்ச்சி கை நழுவினால் இழப்பது, நகைக்குக் கட்டும் மாத வட்டியைப்போல் பல மடங்கு. அதனால்தான் இந்த வரிசை. இரண்டாம் ஆண்டின் மிச்சம் முழுவதும் நகைக்குப் போக வேண்டும்.

பாக்கி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். தேதி கேட்டுப் போன் வந்ததும் 'இன்ன தேதி, இன்ன ஊர், இவ்வளவு தொகை, இவ்வளவு அட்வான்ஸ்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு அவர் 'சரி' சொல்லும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சண்டைக்காக இல்லை. ஓனருக்கும் கல்யாண வீட்டார் பாக்கி வைப்பார்கள், அவர் யாருக்கு முதலில் தருவார் என்றால் எழுதி வைத்திருப்பவருக்குத்தான். முடிந்தவரை யு.பி.ஐ.யில் வாங்குங்கள். வங்கிக் கணக்கில் வந்த பணம்தான் நாளைக்கு உங்கள் வருமானத்துக்குச் சாட்சி.

அந்தச் சாட்சி ஏன் முக்கியம் என்பதை விளக்குகிறேன். உங்கள் வருமானம் முழுக்க இரண்டு கைகளில் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து விடியற்காலை மூன்று மணிக்கு வேனில் நெடுஞ்சாலையில் திரும்பும் தொழில் வேறு. ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா (விபத்துக் காப்பீடு), 436 ரூபாயில் ஜீவன் ஜோதி பீமா யோஜனா (ஆயுள் காப்பீடு), இரண்டையும் கணவன் மனைவி இருவரும் உடனே எடுங்கள். ஆனால் 20 ரூபாய்த் திட்டம் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ போனால் 1 லட்சம் தரும். இடதுகை விரல் முறிந்து இரண்டு மாதம் வாசிக்க முடியாமல் போனால் ஒரு பைசா வராது. பேஸ் கலைஞருக்கு நடக்கக்கூடியது இரண்டாவதுதான். அதற்குத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் 'தற்காலிக முழு இயலாமை' என்ற பிரிவு இருக்கிறது, குணமாகும்வரை வாராவாரம் ஒரு தொகை தருவார்கள். அது இருக்கும் பாலிசியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த வாரத் தொகையை வருமானத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள், அதற்கு வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். உங்கள் வருமானத்துக்கு வரி கிடையாது, புதிய முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 4 லட்சம் வரை வரியே இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு ஆண்டும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். கம்பெனி விழாக்களில் வரி பிடித்துக்கொண்டு தந்திருந்தால் அந்தப் பணமும் திரும்ப வரும்.

மருத்துவக் காப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் 'பிடித்தம் போக' என்று ஒரு சொல் இருக்கிறது. மனைவியின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் கணவரான உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்து அதில் மருத்துவ வசதி உண்டு. உங்கள் இருவர் பெயரும் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே கம்பெனியில் கேட்கச் சொல்லுங்கள். அதே சீட்டில் பி.எஃப். இருந்தால் வாரிசுதாரர் பெயரையும் சரிபார்த்துவிடலாம். உங்கள் வீட்டின் ஓய்வுக்கால சேமிப்பு இப்போதைக்கு அங்கேதான் வளர்கிறது.

உங்கள் பங்குக்கு அடல் பென்ஷன் யோஜனாவை இரண்டாம் ஆண்டில் தொடங்குங்கள். 34 வயதில் சேர்ந்தால் மாதம் 824 ரூபாய், 60 வயதுக்குப் பிறகு மாதம் 5,000 ஓய்வூதியம். அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் வழியும் இருக்கிறது, சீசன் மாதங்களில் வரும்படி வைத்துக்கொள்ளலாம். வயது கூடக்கூடத் தவணை ஏறும், 40-க்குப் பிறகு சேரவே முடியாது. 26 ஆண்டு கழித்து 5,000 பெரிய தொகையாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகை மீண்டதும் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்குங்கள். ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும், தையில் அதிகமும் ஐப்பசியில் ஒன்றுமில்லாமலும் கட்டலாம். உங்கள் தொழிலுக்கு இதுதான் பொருந்தும்.

மச்சான் சொல்வதில் அக்கறை இருக்கிறது, ஆனால் கணக்கு இல்லை. உங்கள் சராசரி மாதம் 21,000-க்கு மேல். சிப்காட்டில் புதிதாகச் சேரும் வேலையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் யோசிக்கலாம். ஷிஃப்ட் வேலைக்குப் போனபின் இரவு நிகழ்ச்சிக்குப் போக முடியாது, இரண்டு முறை தேதி இல்லை என்று சொன்னால் மூன்றாம் முறை போன் வராது. அதற்குப் பதிலாக வறண்ட மூன்று மாதங்களை நிரப்பப் பாருங்கள். சர்ச்சிலும் பக்கத்துத் தெருக்களிலும் கிட்டார் கற்க ஆசைப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். ஐந்து பேருக்கு மாதம் 800 ரூபாய் என்று மாலையில் சொல்லிக் கொடுத்தாலே 4,000. மழை பெய்தாலும் வகுப்பு ரத்தாகாது.

மாதம் 5 சதவீதம் என்பது ஆண்டுக்கு 60 சதவீதம். எந்த நேர்மையான தொழிலும் அப்படித் தொடர்ந்து தராது. மாதா மாதம் பெருவட்டி தருவதாகப் பணம் திரட்டியவர்கள் மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டபோது வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் எத்தனை குடும்பங்கள் அழுதன என்பது உங்கள் நண்பருக்கும் தெரிந்திருக்கும். அவரையும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். தீபாவளிக்குச் சேர்க்க வேண்டுமானால் தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ போடுங்கள். சீட்டு என்றால் பதிவு செய்த சீட்டு மட்டும்.

கடைசியாக ஒன்று. நகை ரசீதை எடுத்துத் தேதியைப் பாருங்கள். போன ஐப்பசியில் வைத்தது என்றால், ஓராண்டு முடிவதற்குள் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், தவறினால் ஏல நோட்டீஸ் வரும். அந்தத் தேதிக்குள் 8,000 ரூபாயைச் சம்பளக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு பேஸ் தேடக் கிளம்புங்கள்.