பல்கலைக்கழகக் கணக்கைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கலாமா?

பல்கலைக்கழகத்தின் கணக்குப் பணிகளை முழுமையாகச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழக நிதிப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில், முடியாது என்றே சொல்வேன்; ஆனால் அதை ஒதுக்கி வைப்பதும் சரியல்ல.

சேர்க்கைக் காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் கட்டணம் சில நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. தந்தையின் பெயரில் வந்த தொகை எந்த மாணவருக்குரியது, இரண்டு தவணைகளைச் சேர்த்துக் கட்டியவர் யார் என்று தேடிச் சரிபார்ப்பதிலேயே பொழுது கழிந்துவிடும். பெயர், தொகை, தேதி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பொருத்தமான பதிவுகளை முன்வைக்கும் மென்பொருள் இந்தச் சுமையைப் பெருமளவு குறைக்கிறது.

தணிக்கையிலும் பயன் உண்டு. சில பில்களை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் அலசி, ஒரே பில்லுக்கு இரு முறை பணம் கொடுத்திருப்பதையும், ஒப்புதல் வரம்புக்குள் அடங்கும்படி ஒரு கொள்முதலைப் பல பில்களாகப் பிரித்திருப்பதையும் அது சுட்டிக்காட்டும். பல அளவுகளில் பரவிக் கிடக்கும் தொகைகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு 1 என்ற இலக்கத்தில் தொடங்கும், 9இல் தொடங்குபவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 1938இல் அமெரிக்க இயற்பியலாளர் ஃபிராங்க் பென்ஃபோர்டு விளக்கிய விதியும் இதற்குக் கைகொடுக்கிறது; தொகைகள் இந்த விகிதத்திலிருந்து பெரிதும் விலகினால், அவற்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனால் கட்டண வரவுகள் முன்பே நிர்ணயிக்கப்பட்ட தொகைகள் என்பதால் அவற்றில் இந்த விதியைப் பொருத்திப் பார்ப்பது வீண். செலவுகளில் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

உண்மையான சிக்கல் நிதியின் நோக்கத்தில் இருக்கிறது. ஆய்வு நல்கை (ஓர் ஆய்வுக்கென வழங்கப்படும் நிதியுதவி) ஒன்று முடியும் மாதத்தில் வாங்கிய கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் விலையும் தேதியும் விற்றவர் பெயரும் இருக்கும். அந்தக் கணினி அந்த ஆய்வுக்குத்தான் தேவைப்பட்டதா, நல்கை வழங்கியவரின் நிபந்தனை அதை அனுமதிக்கிறதா என்பது இருக்காது. முந்தைய பதிவுகளைப் பார்த்துப் பழகிய மென்பொருள், அவை தவறாக இருந்தால் அதே தவறைத் தயக்கமின்றித் தொடரும். பின்னர் நல்கை வழங்கியவர் அந்தச் செலவை ஏற்க மறுத்தால், பல்கலைக்கழகம் தன் பொது நிதியிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஆகவே எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்ற முடிவை, ஆய்வாளரிடம் நேரில் கேட்டறியக்கூடிய அலுவலர்தான் எடுக்க வேண்டும்.

கேள்விக்குப் பதில் எழுதித் தரும் மொழி மாதிரிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிப்பவை. கூட்டுத்தொகையைக்கூடத் தவறாகத் தந்துவிடலாம். அறிக்கையின் வாசகத்தைச் சீராக்க அவற்றைப் பயன்படுத்துங்கள். எண்கள் கணக்கு மென்பொருளிலிருந்தே வரட்டும். மாணவர்களின் வங்கி விவரங்களைப் பொதுத் தளங்களில் ஒருபோதும் உள்ளிடாதீர்கள்.

மென்பொருள் எதைப் பரிந்துரைத்தது, அதை யார் எப்போது ஏற்றார் அல்லது திருத்தினார் என்ற விவரம் ஒவ்வொரு பதிவோடும் சேமிக்கப்பட வேண்டும். தணிக்கையாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அந்த வசதி இல்லாத மென்பொருளை வாங்குமாறு நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.