பழைய தொலைக்காட்சித் தோற்றம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குறும்படத்தில் 1980-களின் தொடக்கத்தில் ஒளிபரப்பான பாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் காட்ட வேண்டும். புதிய கேமராவில் எடுத்துக் கணினியில் கோடுகளும் புள்ளிகளும் சேர்த்துப் பார்த்தோம். வேஷம் போட்டது போலவே இருக்கிறது. பழைய வீடியோ கேமராவிலேயே எடுத்தால் சரியாகுமா?

பதில்: பெரும்பகுதி சரியாகும், ஆனால் அது குழாய்க் கேமராவாக இருக்க வேண்டும். அக்காலத்து ஸ்டுடியோ கேமராக்களில் பிம்பம் விழுந்தது இன்றைய கேமராக்களில் போல மின்னணுச் சில்லில் (சிப்) அல்ல, ஒரு வெற்றிடக் குழாயின் முகப்பிலுள்ள ஒளியுணர் படலத்தில். அதை எலெக்ட்ரான் கற்றை வரிவரியாக வருடிப் படிக்கும். மிகப் பிரகாசமான இடத்தை ஒரே வருடலில் முழுவதும் துடைத்தெடுக்க அந்தக் கற்றையால் இயலாது என்பதால்தான், பாடகர் மைக்கை அசைக்கும்போது அதன் பளபளப்பு வால்நட்சத்திரம் போல் பின்னால் நீள்கிறது. இந்த வால் ஒளியின் அளவையும் அசைவின் வேகத்தையும் பொறுத்துக் கணத்துக்குக் கணம் மாறும். படம் முழுவதும் ஒரே சீராகப் பூசப்படும் கணினிக் கோடுகள் பொய்யாகத் தெரிவது அதனால்தான். சிலி நாட்டின் 1988 பொதுவாக்கெடுப்பைச் சொல்லும் ‘நோ’ (2012) திரைப்படத்தை இயக்குநர் பாப்லோ லரைன் இத்தகைய பழைய கேமராக்களில், யூ-மேட்டிக் என்ற பழைய வகை வீடியோ நாடாவில் எடுத்தார். அக்கால ஆவணக் காட்சிகள் எங்கே முடிகின்றன, புதியவை எங்கே தொடங்குகின்றன என்று பிரித்தறிவது கடினம்.

கேமரா கிடைத்தவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பால் (PAL) எனப்படும் பழைய வண்ணத் தொலைக்காட்சி முறையில் ஒரு படம் 625 வரிகள் கொண்டது. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறையும் இரட்டைப்படை வரிகள் மறு முறையுமாக நொடிக்கு 50 அரைப்படங்கள் வரும், ஒவ்வொன்றும் வெவ்வேறு கணத்தைச் சேர்ந்தது. பழைய தொலைக்காட்சியின் வழுக்கிச் செல்லும் அசைவு இதிலிருந்தே பிறக்கிறது. கணினிக்கு மாற்றும்போது இரண்டிரண்டாகச் சேர்த்து 25 படங்களாக்கினால் சினிமாவின் அசைவு வந்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண். ஒவ்வோர் அரைப்படத்தையும் தனிப்படமாக விரித்து, நொடிக்கு 50 என்ற கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய குழாய்க் கேமராவைக் கையாளும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: சூரியனையோ எரியும் விளக்கையோ நேராகக் காட்டாதீர்கள், படலத்தில் நிரந்தரத் தழும்பு விழுந்துவிடலாம். லென்ஸ் கீழ்நோக்கி இருக்கும்படி வைக்காதீர்கள். குழாயினுள் உள்ள துகள்கள் படலத்தில் விழக்கூடும். உள்ளே உயர் மின்னழுத்தம் இருப்பதால், பழகிய மெக்கானிக் தவிர வேறெவரும் திறக்கக் கூடாது. வெளிச்சம் தாராளமாக வேண்டும், ஆனால் நிழலுக்கும் ஒளிக்கும் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். அன்றைய அரங்குகள் நாற்புறமும் விளக்கால் நிரம்பியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நெருக்கமான கோடு போட்ட சட்டையைத் தவிர்க்கலாம், நீங்கள் வேண்டுமென்றே வானவில் நெளிவை விரும்பினால் ஒழிய.

கேள்வி: 1990-களின் விஎச்எஸ் கேம்கார்டர் போதாதா?

பதில்: வீட்டு வீடியோவைக் காட்டுவதற்குப் போதும். அதில் இருப்பது குழாய் அல்ல, சிசிடி (CCD) என்ற ஒளியுணர் சில்லு. விளக்கின் மேலும் கீழும் செங்குத்தான வெண்கோடு விழுமே தவிர, வால் நீளாது. உங்கள் பாட்டு நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது.