முதலில் கம்பி கட்டுங்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மரவேலை, கைவேலை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஓய்வு நேரத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன். மகோகனிப் பலகையில் பாடியை நானே வெட்டிக் குடைந்தேன். கழுத்துப் பகுதியான நெக்கை மட்டும், ஃப்ரெட் எனும் உலோகப் பட்டைகள் பதித்துத் தயாராக வாங்கினேன். பாடிக்கு நிறம் எதுவும் இல்லாமல் வெறும் நைட்ரோ லாக்கர் பூச்சு அடித்து இரண்டு மாதம் ஆகிறது. கண்ணாடிப் பளபளப்பு வர வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சின்னச் சின்னக் குழிகள் போகவே இல்லை. இன்னும் தேய்த்தேன். கடைசியில் பாடியின் கொம்பு போன்ற முனையின் விளிம்பில் லாக்கர் முழுக்கப் போய் மரம் தெரிந்துவிட்டது. மனசே விட்டுப்போயிற்று.

மொத்தத்தையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவா? அப்போது பாலியூரித்தேனுக்கு மாறலாமா? நைட்ரோ அடித்தால்தான் மரம் சுவாசிக்கும், நாதம் நன்றாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா? நெக்கின் பின்பக்கத்தையும் இதேபோலப் பளபளப்பாக்க வேண்டுமா? பாடி வேலை முடியட்டும் என்று இன்னும் கம்பி கட்டவில்லை. இதற்கு ஒரு நல்ல கிட்டாரையே வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் சொல்வது இப்போதுதான் உறைக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

சுரண்ட வேண்டாம். நீங்கள் அடித்திருப்பது நைட்ரோ லாக்கர். அதன் பெரிய நல்ல குணமே இதுதான்: புதிதாக அடிக்கும் பூச்சிலுள்ள தின்னர் பழைய பூச்சின் மேல்பகுதியைக் கரைத்து, இரண்டும் ஒரே படலமாகச் சேர்ந்துவிடும். ஒட்டுப் போட்ட கோடு தெரியாது. நிறமும் இல்லை என்கிறீர்கள். விளிம்பில் தேய்ந்த இடத்தை அந்த இடத்தில் மட்டுமே சரிசெய்யலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

ஆனால் அதற்கு முன் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. இன்னும் கம்பி கட்டவில்லை என்கிறீர்கள். இதைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வேன். பூச்சு வேலையை அப்படியே விட்டுவிட்டு இந்த வாரமே நெக்கைப் பொருத்துங்கள், பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை வையுங்கள், கம்பி கட்டி வாசித்துப் பாருங்கள். லாக்கரில் கீறல் விழுமே என்று பயப்பட வேண்டாம். எப்படியும் அதை மறுபடி சரிசெய்யத்தான் போகிறோம், அதோடு கீறலும் போய்விடும். அடுத்த கிட்டார் செய்யும்போது பூச்சின் முதல் துளி விழும் முன்பே, வெறும் மரமாக இருக்கும்போதே கம்பி கட்டிவிடுங்கள்.

கிட்டாரைக் கிட்டாராக்குவது அளவுகள். நெக் எந்தக் கம்பி நீளத்துக்கு (இதை ஸ்கேல் என்பார்கள்) ஃப்ரெட் போடப்பட்டதோ அதுதான் பிரிட்ஜ் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஃபெண்டர் நிறுவன வகை நெக் என்றால் 25½ அங்குலம், அதாவது சுமார் 648 மி.மீ. கிப்சனின் மரபான அளவு 24¾ அங்குலம். பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல் நீங்களே அளந்துவிடுங்கள். நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் உள்விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் நடுவரை அளந்து இரண்டால் பெருக்கினால் உங்கள் ஸ்கேல் கிடைக்கும். 324 மி.மீ. வந்தால் 648.

ஆனால் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் சேடில்கள் சரியாக 648இல் நிற்கப் போவதில்லை. கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது, சுருதி ஏறிவிடுகிறது. அதை ஈடுகட்ட ஒவ்வொரு கம்பியையும் சற்று நீளமாக விட வேண்டும். தடித்த கம்பிகளுக்கு இன்னும் கூடுதலாக. அதனால் மெல்லிய ஈ கம்பியின் சேடிலைக் கிட்டத்தட்ட முழுவதும் நட் பக்கம் தள்ளி, அந்த நிலையில் அது ஸ்கேல் அளவில் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். அப்போது எல்லா சேடில்களுக்கும் பின்னால் நகர இடம் கிடைக்கும். பிறகு இரண்டு ஓரக் கம்பிகளையும் மட்டும் கட்டி, நெக்கின் இரு ஓரங்களிலிருந்தும் அவை சமதூரத்தில் ஓடுகின்றனவா என்று கடைசி ஃப்ரெட் வரை பாருங்கள். இது சரியானால்தான் பிரிட்ஜுக்குத் துளை.

துளை ஏற்கெனவே போட்டுவிட்டு, அது தப்பாக இருந்தால்? கடினமான மரத்தில் முளை செதுக்கிப் பசை வைத்து அடைத்துவிட்டு மறுபடி துளைக்கலாம். ஒரு மணி நேர வேலை. ஆனால் அந்த இடத்தில் பூச்சு கெடும். விளிம்பைச் சரிசெய்த பிறகு இது தெரியவந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கம்பியை முதலில் கட்டச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் நெக். 648 மி.மீ. ஸ்கேலில் 10-46 தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கொண்ட கம்பிச் செட்டைச் சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 46 கிலோ எடையளவுக்கு இழுக்கும். நெக் முன்னால் வளையும். வளைய வேண்டும்தான், ஆனால் மிகச் சிறிதளவு. உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்னும் உலோகத் தண்டு அந்த வளைவைக் கட்டுப்படுத்துகிறது. கிப்சனில் வேலைபார்த்த தாடியஸ் மெக்ஹ்யூவின் ட்ரஸ் ராடுக்கு 1923இல் காப்புரிமை கிடைத்தது. நூறு ஆண்டுக்குப் பிறகும் நாம் அந்த யோசனையைத்தான் திருகிக்கொண்டிருக்கிறோம். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு 7ஆம், 8ஆம் ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். 0.25 மி.மீ. அளவில் இருந்தால் நல்ல தொடக்கம். கால் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துவிட்டு அளந்து பாருங்கள். ஏதாவது ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கம்பி கரகரத்தால் அந்த ஃப்ரெட்டோ அதற்கு அடுத்ததோ உயரம் தவறியிருக்கிறது. தயாராக வாங்கிய நெக்குகளில் இது சாதாரணம்.

சரி, இப்போது நாதமும் நைட்ரோவும். வெட்டிய மரம் சுவாசிப்பதில்லை. காற்றின் ஈரத்தை மெதுவாக வாங்கும், மெதுவாக விடும். எந்தப் பூச்சும் அதைக் குறைக்குமே தவிர முற்றாகத் தடுக்காது. இதில் நைட்ரோவுக்கு மட்டும் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புச் சுருளும். அதன்மேல் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் எழுகிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் போவது அதுதான். மரத்தின் மேலிருக்கும் படலத்துக்கு இந்தப் பாதையில் இருக்கும் பங்கு மிகக் குறைவு என்பது என் முடிவு. 1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் நான்கங்குலச் சதுரக் கட்டை ஒன்றில் நெக்கும் பிக்கப்பும் பொருத்தி வாசித்தார். பார்க்கக் கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்றுதான் வேறொரு கிட்டாரின் இரு பாதிகளை அதன் பக்கங்களில் ஒட்டிக்கொண்டார்.

பழைய தொழிற்சாலைகள் நைட்ரோவை எடுத்துக்கொண்டதும் நாதத்துக்காக அல்ல. அந்தக் காலத்தில் மேசை நாற்காலிக்கும் காருக்கும் அடித்துக்கொண்டிருந்த, சீக்கிரம் காயும் பூச்சு அது. ஃபெண்டரின் புகழ்பெற்ற சிறப்பு நிறங்கள் ட்யூபாண்ட் நிறுவனத்தின் கார் பெயிண்டுகள். அவற்றில் சில நைட்ரோவே அல்ல, அக்ரிலிக். 1960களின் இறுதியில் ஃபெண்டர் பாலியஸ்டருக்குப் போய்விட்டது. நைட்ரோவை நானும் விரும்புகிறேன். அது மெல்லிதாக நிற்கிறது, பழகப் பழக அழகாகிறது, எல்லாவற்றுக்கும் மேல் உங்களைப் போல ஒருவர் விளிம்பைத் தேய்த்துவிட்டால் திரும்ப வாய்ப்புத் தருகிறது.

பாலியூரித்தேனுக்கு மாறுவது பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கார் பட்டறைகளில் அடிக்கும், கடினமாக்கி கலக்கும் இரண்டு பாகப் பாலியூரித்தேனை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் உடல் பிறகு சிறு அளவையும் தாங்காது. அதை அடிப்பவர்கள் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி போடுகிறார்கள். நைட்ரோவும் சாதுவல்ல. அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். ஆவிகளைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி, நல்ல காற்றோட்டம், பக்கத்தில் தீயோ தீப்பொறியோ இல்லாத இடம் மூன்றும் வேண்டும்.

இனி அந்தக் குழிகள். உங்கள் உண்மையான பிரச்சினை லாக்கரில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது. மகோகனி திறந்த நுண்துளைகள் கொண்ட மரம். ஆஷும் அப்படித்தான். மேப்பிள், ஆல்டர் போன்றவற்றில் துளைகள் மிக நுண்ணியவை, அங்கே இந்தத் தொல்லை இல்லை. மகோகனிக்குப் பூச்சுக்கு முன் பட்டி பார்த்தே ஆக வேண்டும். துளை அடைக்கும் பட்டியை ரேகைக்குக் குறுக்காக அழுத்தி இழுத்து, மிச்சத்தை வழித்து, நன்றாகக் காயவிட்டுத் தேய்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாம் சுற்றும் தேவைப்படும். நீங்கள் பட்டி பார்த்ததாக எழுதவில்லை. அப்படியென்றால் லாக்கர்தான் துளைகளுக்குள் இறங்கியிருக்கிறது, காயக்காய இன்னும் சுருங்கி இறங்கும். அடியிலுள்ள குழியை மேலே தேய்த்துப் போக்க முயன்றீர்கள். சமதளத்தில் படலம் தாங்கியது, விளிம்பில் தாங்கவில்லை. கூரான விளிம்பில் ஈரமான பூச்சு தானாகவே விலகி மெல்லிதாகிவிடும். தேய்க்கும்போது கையின் அழுத்தமும் அங்கேதான் குவியும். அதனால்தான் விளிம்பைப் பூச்சுக்கு முன்பே நன்றாக உருட்டிவிட வேண்டும் என்பார்கள்.

கம்பி கட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்றானதும் கழற்றிவிட்டு இப்படிச் செய்யுங்கள். நாப்தா என்னும் கரைப்பானில் நனைத்த துணியால் முழு பாடியையும் துடையுங்கள். சிலிக்கோன் கலந்த பாலிஷ் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, பட்ட இடத்தில் லாக்கர் ஒட்டாமல் வட்டவட்டமாக விலகும். தேய்ந்த விளிம்பில் சின்னத் தூரிகையால் லாக்கரை மெல்லிதாக வைத்து, சில மணி நேரம் விட்டு மறுபடி வையுங்கள். சுற்றியுள்ள மட்டத்தைவிடச் சற்று மேடாக வரும்வரை. பிறகு முழு பாடிக்கும் சில மெல்லிய பூச்சுகள். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் அடிக்காதீர்கள், வெண்படலம் கட்டும். பிறகு ஒரு மாதம் காயவிடுங்கள். லாக்கரின் வாடை போயிருக்கிறதா என்று மூக்கை வைத்துப் பாருங்கள். வாடை இருந்தால் காயவில்லை.

தேய்க்கும்போது உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி 800 எண் தாளில் தொடங்கி 1500, 2000 என்று போங்கள். விளிம்புகளைக் கட்டையால் தொடவே தொடாதீர்கள். கடைசியில் வெறும் விரலால், 2000 தாளில், இரண்டு மூன்று இழுப்பு போதும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதாக இருந்தால் திருகுத் துளைகளுக்குள் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே மரம் உப்பி, துளையைச் சுற்றி லாக்கர் வெடிக்கும். இத்தனைக்குப் பிறகும் சில நுண்குழிகள் மிச்சமிருக்கலாம். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். மகோகனியில் ரேகை லேசாகத் தெரிவது எனக்குப் பிடிக்கும்.

நண்பர்கள் சொல்வது பணக்கணக்கில் சரி. ஆனால் பிரையன் மே 1963இல் தன் அப்பாவோடு சேர்ந்து ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து நெக், மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகளில் சுருதியை அசைக்கும் ட்ரெமலோ, பொத்தான்களில் ஃப்ரெட் புள்ளிகள். குயீன் என்ற ராக் குழுவில் அவர் வாழ்நாள் முழுக்க வாசித்துவருவது அதைத்தான். நீங்கள் இதைச் செய்து முடிக்கும்போது ஒரு கிட்டார் ஏன் சுருதி விலகுகிறது, எங்கே கரகரக்கிறது, எதைத் திருகினால் சரியாகும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்திருக்கும். வாங்கிய கிட்டாரோடு அந்த அறிவு வராது. எனக்கு அது பெரிய விஷயம்.

நெக்கின் பின்பக்கத்தைப் பளபளப்பாக்க வேண்டாம். வியர்த்த கட்டைவிரல் அதில் ஒட்டும், மேலும் கீழும் சறுக்காது. தயாராக வந்த பூச்சே பளபளவென்று இருந்தால் சாம்பல் நிற நார்ப் பட்டையால் நீளவாக்கில் லேசாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். எஃகு நாரால் (ஸ்டீல் வூல்) தேய்ப்பவர்களும் உண்டு, ஆனால் அதன் துகள்கள் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் பயன்படுத்துவேன் என்றால் நெக்கைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.